இளைப்பு ஆற ஒரு கிழமை

முதல் நாள், வெள்ளி

யாழ்தேவியில் ஜன்னல் ஓரமாக இருந்துகொண்டு போனில் இதை எழுதுகிறேன். நல்லூர்த் திருவிழாக் காலம், பெட்டி நிறையச் சனம். எதிர் இருக்கையில் இருக்கிற அம்மா தேர் பார்க்கப் போகிற சந்தோஷத்தில் எல்லோருக்கும் முறுக்குக் கொடுத்துக்கொண்டு வருகிறார், எனக்கும் இரண்டு கிடைத்தது. "நீங்களும் தேருக்கோ?" என்று கேட்டார். ஊருக்கு என்று மட்டும் சொன்னேன். உண்மையில் நான் நித்திரை கொள்ளத்தான் போகிறேன், அதைத் தவிர இந்தப் பயணத்துக்கு வேறு நோக்கம் இல்லை.

நாலு மாதத்துக்கு முன் என் கணவருக்கு பைபாஸ் செய்தார்கள். நெஞ்செலும்பைப் பிளந்து, காலிலிருந்து எடுத்த நாளத்தை இதயத்தில் ஒட்டி, எலும்பைக் கம்பியால் கட்டி மூடினார்கள். எலும்பு பொருந்த ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும் என்றார்கள், பொருந்திவிட்டது. காயமும் ஆறிவிட்டது. ஒவ்வொரு நாளும் நடக்கச் சொல்லி டொக்டர் சொல்கிறார், நான்தான் தனியே வெளியில் விடுவதில்லை. அவர் நல்ல சுகம். சுகமில்லாமல் இருப்பது நான்.

இரவு இரண்டு மணிக்கு எனக்கு முழிப்பு வந்துவிடும். அவருக்கு நெஞ்சு வலி வந்ததும் அந்த நேரம்தான். எழும்பி, அவர் முதுகில் மெதுவாகக் கை வைத்து மூச்சு எண்ணுவேன், முப்பது வரை. சில நாள் அறுபது வரை. பிறகு விடியும்வரை படுக்கையில் இருந்து ஜெபிப்பேன், ஆனால் அதை ஜெபம் என்று சொல்ல எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. ஆண்டவருக்கு வேலைகளைச் சொல்லிவிட்டு, அவர் செய்கிறாரா என்று பார்க்க விளக்கைப் போட்டுக்கொண்டு காவல் இருப்பது மாதிரித்தான் அது. ஞாயிறு பள்ளிக்கூடத்தில் "கர்த்தர் என் மேய்ப்பர்" மனப்பாடம் செய்து பரிசு வாங்கினவள் நான். 47 வயதில், மேய்ப்பரை நம்பி ஒரு ஆடு கண்ணை மூட முடியாமல் கிடக்கிறது.

கணவரின் அக்கா, என் மச்சாள், வந்து நின்றவர் மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். "நீர் ஒரு கிழமை ஊருக்குப் போய் வாரும், நான் பாக்கிறன்" என்றார். மருந்து நேரங்களை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு வந்தேன். வவுனியா வருவதற்குள் நாலு தரம் போன் எடுத்துவிட்டேன்.

கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். போரால் 1990இல் நின்ற ரயில் 2014 ஒக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர் விரிந்து வெயிலில் கண் கூசும்போது, பெட்டியில் கதைத்துக்கொண்டிருந்த எல்லோரும் கொஞ்சம் அமைதியாகிவிடுவார்கள். நான் ஒவ்வொரு முறையும் அதைக் கவனித்திருக்கிறேன், இன்றைக்கும் அப்படித்தான். அந்த இடத்தைக் கடக்கும்போது யாருக்கு என்ன நினைவு என்று கேட்க முடியாது.

சுன்னாகத்தில் இறங்கி ஓட்டோ பிடித்து உடுவில் வந்தேன். பெரியம்மா படலையடியில் நின்றார். 81 வயது. "மெலிஞ்சு போனாய் பிள்ளை" என்பதுதான் முதல் வார்த்தை.

இரண்டாம் நாள், சனி

இரண்டு மணிக்கு முழிப்பு. பக்கத்தில் யாரும் இல்லை, கை மட்டும் நீண்டது. போன் எடுக்க நினைத்து எடுக்கவில்லை, ஆனால் நித்திரையும் வரவில்லை. முற்றத்தில் போய் நின்றேன். சோளகக் காற்று, வேலிப் பனைகள் விடாமல் சலசலத்துக்கொண்டிருந்தன.

காலையில் கிணற்றடியில் குளித்தேன். இந்தக் கிணற்றைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். குடாநாட்டில் மழைக்கு ஓடுகிற வழுக்கியாற்றை விட்டால் ஆறு என்று ஒன்று கிடையாது. பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற கடல் நீரின் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. நன்னீருக்குப் பாரம் குறைவு, அதனால் மேலே நிற்கிறது. அவ்வளவு சனமும் தோட்டமும் அந்தப் படலத்தை நம்பித்தான். பெரியம்மா சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் துலா, மேலே ஒருவர் ஏறி மிதிக்கக் கீழே ஒருவர் பட்டை பிடித்து இறைப்பார்களாம். மனிதர் களைத்ததும் இறைப்பு நிற்கும், இரவில் கிணறு ஊறிக்கொள்ளும். மோட்டர் வந்த பிறகு களைப்பு என்பது இல்லை. அளவுக்கு மேல் இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும், உவராகிப்போன கிணறுகள் இங்கே எத்தனையோ உண்டு. பெரியம்மா மோட்டரை அரை மணித்தியாலத்துக்கு மேல் போட விடுவதில்லை. நான் உடுப்புத் தோய்க்க இரண்டாம் தரம் போட்டதற்கு ஏச்சு வாங்கினேன்.

பின்னேரம் திண்ணையில் இருந்து 127ஆம் சங்கீதம் வாசித்தேன். "கர்த்தர் நகரத்தைக் காவாராகில் காவலாளர் விழித்திருக்கிறது விருதா." அதற்கு அடுத்த வசனத்தில், "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்." எத்தனையோ தரம் வாசித்த பகுதிதான், இன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது, மறைக்காமல் எழுதுகிறேன். விருதாவா? அன்று இரவு நான் எழும்பாமல் இருந்திருந்தால்? கட்டில் ஓரத்தில் வியர்த்துக் கொட்டிக்கொண்டு, என்னை எழுப்ப மனமில்லாமல் இருந்தவரை நான் கண்டதால்தானே நேரத்துக்கு ஆசுபத்திரி கொண்டுபோனோம். முழிப்பு அவரைக் காப்பாற்றியது. அப்படிப்பட்ட முழிப்பை எப்படி விடுவது?

இதைப் பெரியம்மாவிடம் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை. வேறு ஏதோ கதையில் 95ஆம் ஆண்டு இடப்பெயர்வு வந்தது. ஒக்டோபர் 30. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த நாள். நான் அப்போது கொழும்பில் படித்துக்கொண்டிருந்தேன், எனக்கு அது கேட்ட கதை மட்டும்தான். மழை, இருட்டு, நாவற்குழிப் பாலத்தடியில் அடி எடுத்து வைக்க இடமில்லாத நெரிசல், பெரியப்பாவின் சைக்கிளில் ஒரு அரிசி மூட்டையும் வேதாகமமும். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் நனைந்த உடுப்போடு இடம் கிடைத்ததாம்.

"அண்டிரவு நல்ல நித்திரை கொண்டன்" என்றார் பெரியம்மா.

நான் நம்பவில்லை.

"முழிச்சிருந்து நான் செய்ய ஒண்டுமில்லைப் பிள்ளை. வீடு இல்லை, வளவு இல்லை, நாளைக்கு எங்கை எண்டு தெரியாது. கடவுளே நீர் பாரும் எண்டிட்டுப் படுத்தன். வேறை என்ன செய்ய?"

அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டில் ஓடு இல்லை, கதவு இல்லை. கிணறு மட்டும் நிறைந்து கிடந்ததாம்.

மூன்றாம் நாள், ஞாயிறு

ஆராதனைக்குப் போனோம். பெரியம்மா 1824இல் ஹரியற் வின்சிலோ அம்மையார் தொடங்கிய உடுவில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர், என் அம்மாவும் அங்கேதான். கொழும்பில் எங்கள் கோயிலில் கிற்றாரும் டிரம்ஸும் உண்டு, அதிலும் எனக்குக் குறையில்லை, ஆனால் பழைய கீர்த்தனையை வயதானவர்கள் அவசரமில்லாமல் இழுத்துப் பாடும்போது உடம்பே கொஞ்சம் இறங்கி உட்கார்கிறது.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் ஆசுபத்திரிக்கு ஜெபிக்க வந்த ஒருவர், எங்களுக்கு வேண்டியவர்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "விசுவாசம் இருக்கிற இடத்தில் பயம் இருக்காது சகோதரி." நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அன்றிலிருந்து எனக்குப் பயம் ஒன்று, பயப்படுகிறேனே என்ற குற்ற உணர்ச்சி இன்னொன்று, இரண்டையும் சேர்த்துச் சுமந்தேன். இன்றைக்குக் கோயிலில் இருந்தபோது 56ஆம் சங்கீதம் நினைவுக்கு வந்தது. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயம் போன நாளில் என்று தாவீது பாடவில்லை. பயப்படுகிற அதே நாளில்தான் நம்புகிறான். பயத்தைப் பாவக்கணக்கில் எழுதுகிறவர்கள் இந்த வசனத்தை ஒரு தரம் மெதுவாக வாசித்தால் நல்லது, கட்டிலோரம் இருக்கிறவர்களின் பாரம் பாதி குறையும்.

மத்தியானம் பெரியம்மாவின் வேதாகமத்தைப் புரட்டினேன். சைக்கிளில் போய் வந்த அதே புத்தகம், ஓரமெல்லாம் தண்ணீர்க் கறை. யாழ்ப்பாணத்துக்கும் தமிழ் வேதாகமத்துக்கும் ஒரு தனி உறவு உண்டு, பேர்சிவல் பாதிரியார் 1850இல் வெளிக்கொண்டுவந்த மொழிபெயர்ப்பில் அவரோடு இருந்து வேலை செய்தவர் ஆறுமுக நாவலர். சைவத்துக்காக அவ்வளவு வாதாடிய மனிதர் பைபிள் தமிழுக்கும் கை கொடுத்தார் என்பது இந்த ஊருக்கே உரிய விஷயம். பிறகு ஹென்றி பவர் தலைமையில் 1871இல் முடிந்த திருப்புதலின் தமிழ்தான் இன்றைக்கு நம் காதில் நிற்பது. எந்தக் கையிலிருந்து எந்தச் சொல் வந்தது என்று பிரித்துச் சொல்ல நான் படித்தவள் இல்லை. மத்தேயு 11:28இல் ஒரு சொல்லில் மட்டும் கண் நின்றுவிட்டது. "நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்."

இளைப்பு. எங்கள் ஊரில் மூச்சு வாங்குவதற்கும் அதுதான் பேர். அந்த இளைப்பு ஆற வேண்டும்.

நான்காம் நாள், திங்கள்

காலையில் சில்லாலை போனேன், பண்டத்தரிப்புப் பக்கம். நாங்கள் தென்னிந்தியத் திருச்சபைக்காரர், புனிதர்களிடம் வேண்டுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை, ஆனாலும் யோசேப் வாஸ் அடிகளின் கதை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். 1687இல் கோவாவிலிருந்து வந்தார். ஒல்லாந்தர் ஆட்சி, கத்தோலிக்கக் குருமாருக்கு இடமில்லை, பிச்சைக்காரர் வேடத்தில் வந்து இறங்கினார். வந்த புதிதில் வயிற்றோட்டம் கண்டு சாகக் கிடந்தாராம், ஒரு பெண் கஞ்சி கொடுத்துப் பிழைக்க வைத்ததாகச் சொல்வார்கள். பிறகு சில்லாலையில் தங்கினார், கண்டிக்குப் போனார், 1711இல் அங்கேயே இறந்தார். 2015இல் பாப்பரசர் கொழும்புக்கு வந்து புனிதராக அறிவித்தார். நான் அந்தக் கஞ்சி நாட்களைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு தூரம் ஊழியத்துக்கு என்று வந்த மனிதர், வந்ததும் யாரோ கொடுத்த கஞ்சியை வாங்கிக் குடித்துக்கொண்டு படுத்துக் கிடந்திருக்கிறார். ஒன்றும் செய்ய முடியாத அந்த நாட்களில் அவருடைய ஊழியத்தை யார் பார்த்தது?

திரும்பி வந்தபோது வீட்டில் கூழ். பெரியம்மா எனக்காக ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மாவைக் காலையிலேயே ஊறப்போட்டுக் கசப்பு இறங்கப் பிழிந்து வைத்திருந்தார். நண்டு, றால், சின்ன மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, கொஞ்சம் அரிசி, முருங்கையிலை, அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி. பெரிய பானை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள், கூழ் என்றால் தனியாகக் குடிக்கிற வழக்கம் இங்கே இல்லை. பிலா இலையைக் கோலி ஈர்க்குக் குத்தித் தந்தார்.

எனக்கு அவசரம், கொதிக்கக் கொதிக்க வாயில் வைத்துச் சுட்டுக்கொண்டேன். ஊதினேன், விரலால் தொட்டுப் பார்த்தேன், மறுபடி ஊதினேன்.

"வைச்சிட்டு இரு பிள்ளை, ஆறட்டும்" என்றார் பெரியம்மா. "தொட்டுத் தொட்டுப் பாத்தா ஆறாது."

கூழைப் பற்றித்தான் சொன்னார், வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை, அது எனக்கு நிச்சயம். ஆனால் நான் அந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டேன். புண் ஆறுகிறது, சோறு ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, மனம் ஆறுகிறது, எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஒரே சொல். எதையும் நாம் ஆற்றிவிட முடியாது என்றில்லை, விசிறலாம், மருந்து போடலாம், ஆனால் ஆறுவது அதுவாக ஆகிறது, கையை எடுத்த பிறகு. இந்த நாலு மாதமும் நான் கையை எடுக்கவே இல்லை.

பிள்ளைகள் போன பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு மணி முழிப்பு, மூச்சு எண்ணுவது, 127ஆம் சங்கீதத்தோடு எனக்கு இருக்கிற கோபம். நான் முழித்ததால்தானே அவர் உயிரோடு இருக்கிறார் என்று கேட்டேன்.

பெரியம்மா பானையைக் கழுவிக்கொண்டே கேட்டார். "அண்டைக்கு நீ காவல் இருந்தனியே?"

"இல்லை, நித்திரை."

"அப்ப உன்னை எழுப்பினது ஆர்?"

எனக்குப் பதில் வரவில்லை. நாலு மாதமாக எனக்கு அது தோன்றவே இல்லை. அன்று இரவு நான் காவல் இருக்கவில்லை. ஒன்றும் தெரியாமல் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். அவர் சத்தம் போடவில்லை, கட்டில் அசையவில்லை. எழுப்பப்பட்டேன்.

இதோடு கதை முடிந்திருந்தால் எனக்கும் லேசாக இருந்திருக்கும். ஆனால் பெரியம்மா அப்படி விடுகிற ஆள் இல்லை. பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தார். "உன்ரை பெரியப்பா போன அண்டு என்னை ஒருவரும் எழுப்பேல்லை. பக்கத்திலைதான் படுத்திருந்தன். விடியத் தேத்தண்ணியோடை வந்து தொட்டுப் பாக்கிறன், குளிர்ந்து போய்க் கிடக்கிறார்." கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதுக்காக அண்டைக்கு ஆண்டவர் நித்திரை எண்டு நான் நினைக்கேல்லைப் பிள்ளை."

எழும்பிக் கோழிகளைக் கூட்டில் விடப் போய்விட்டார்.

ஐந்தாம் நாள், செவ்வாய் (புதன் எழுதுகிறேன், ஏன் என்று கீழே)

நெடுந்தீவு போக வேண்டும் என்று நெடுநாள் ஆசை. பெரியம்மாவோடு முன்னொரு காலத்தில் படிப்பித்த ரீச்சர் ஒருவர் அங்கே இருக்கிறார், அவருக்கு ஒரு பை மாம்பழம் கொண்டுபோகும் சாட்டும் கிடைத்தது. பெரியம்மா வரமாட்டார். 1985 மே 15, குமுதினிப் படகில் நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்தவர்களைக் கடலில் மறித்துக் கொன்றார்கள், குழந்தைகள் உட்பட. அதற்குப் பிறகு பெரியம்மா படகில் கால் வைத்ததில்லை. அவருக்கும் பயம் உண்டு என்று தெரிந்தபோது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான். பஸ்ஸில் காற்று முகத்தில் அறைந்துகொண்டே வந்தது. படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். சோளகக் கடல், அலை பக்கவாட்டில் அடித்து உள்ளே வந்தது, மடியில் இருந்த என் பை முழுக்க நனைந்தது, போன் உட்பட. படகு என்றதும் இயேசு புயலை அடக்கியதைத்தான் எல்லோரும் நினைப்போம். எனக்கு நேற்று அந்தத் தலையணை மட்டும் நினைவில் நின்றது. மாற்கு அதை விடாமல் எழுதியிருக்கிறார், படகின் பின்னணியத்தில் அவர் தலையணையை வைத்து நித்திரையாயிருந்தார் என்று. அலைக்கு நடுவே தலைக்கு ஒன்று வைத்துக்கொண்டு படுக்க ஒருவருக்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்!

தீவில் எல்லா மதிலும் முருகைக்கல், சாந்து இல்லாமல் அடுக்கினது. பெருக்கமரம் பார்த்தேன். பிறகு ஓட்டோக்காரத் தம்பி வெட்டவெளிப் பக்கம் குதிரை காட்டக் கூட்டிப்போனார். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்த குதிரைகளின் வழிவந்தவை, இப்போது யாருக்கும் சொந்தமில்லாமல் திரிகின்றன. காய்ந்த புல், வற்றிய குளங்கள், பத்துப் பன்னிரண்டு குதிரைகள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. மேலே ஏற யாரும் இல்லை, எங்கும் ஓட வேண்டியதும் இல்லை.

ஏசாயா 30 நினைவுக்கு வந்தது. "அமரிக்கையும் நம்பிக்கையுமே உங்கள் பெலனாயிருக்கும்" என்ற வரி எங்கள் வீட்டுக் கலண்டரிலேயே இருக்கிறது. கலண்டரில் அடுத்த வசனம் இருக்காது. "அப்படியல்ல, குதிரைகளின்மேல் ஏறி ஓடிப்போவோம் என்கிறீர்கள், அப்படியே ஓடிப்போவீர்கள்." அசீரியப் படைக்குப் பயந்து எகிப்தின் குதிரைகளை நம்பின சனத்துக்குச் சொன்னது. அவர்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது, அசீரியன் நிஜம். என் அசீரியனும் நிஜம்தான், அடைபட்ட மூன்று நாளங்களின் படத்தை நானே கண்ணால் பார்த்தேன். என் குதிரை அந்த இரண்டு மணிக் காவல். நாலு மாதமாக அதன் மேல் ஏறி ஓடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஓரிடமும் போய்ச் சேரவில்லை.

மாவிலித்துறைக்குத் திரும்பியபோது, காற்றுக் கூடிவிட்டது, பின்னேரப் படகு இல்லை என்றார்கள். போன் செத்துவிட்டது. நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. ரீச்சர் வீட்டுக்கே போனேன், அவர் ஒன்றும் விசாரிக்காமல் அடுப்பில் இன்னொரு பிடி அரிசி போட்டார். அவருடைய போனில் முதலில் பெரியம்மாவுக்குச் சொன்னேன், பிறகு எட்டரைக்கு வீட்டுக்கு எடுத்தேன். மச்சாள்தான் எடுத்தார்.

"அவன் சாப்பிட்டிட்டு நேரத்துக்கே படுத்திட்டான். எழுப்பட்டே?"

எழுப்புங்கோ என்று சொல்ல வாய் வந்தது. குரலைக் கேட்டால் போதும், ஒரு சொல் போதும். அந்த ஒரு நிமிடம் எனக்கு எவ்வளவு நீளமாக இருந்தது என்று எழுதிக் காட்ட முடியாது.

"வேண்டாம்" என்றேன். "நித்திரை கொள்ளட்டும்."

விறாந்தையில் பாய் போட்டுத் தந்தார் ரீச்சர். "விளக்கை நூர்க்கட்டே?" என்று கேட்டார். ஓம் என்றேன். நடுச்சாமத்தில் முழிப்பு வந்தது, இரண்டு மணியாக இருக்கலாம், பார்க்க மணிக்கூடு இல்லை. கை நீண்டு பாயைத் தாண்டி மண்ணில் பட்டது. இருட்டு, காற்று, கொஞ்சம் தள்ளிக் கடல். நாங்கள் இருவரும் ஒரே தீவில்கூட இல்லை. அவருக்கு இப்போது ஏதாவது என்றால் நான் செய்ய ஒன்றுமே இல்லை, பெரியம்மா அந்தப் பள்ளிக்கூட விறாந்தையில் சொன்னது போலவே. வழக்கமான நீண்ட ஜெபம் ஒன்றும் வரவில்லை. "நீர் முழிச்சிருக்கிறீர்தானே ஆண்டவரே. நான் படுக்கிறன்." இவ்வளவுதான். பயம் போகவில்லை, அது என் பக்கத்திலேயே பாயில் கிடந்தது. நான் மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.

கண் முழித்தபோது வெயில் காலில் சுட்டது.

ஆறாம் நாள், புதன்

காலைப் படகு ஓடியது. உடுவில் வந்து போனைத் துடைத்து வெயிலில் வைத்தோம், மத்தியானம் உயிர் வந்தது. முதல் வேலையாக அவருக்கு எடுத்தேன்.

நல்ல குரல். இரவு நித்திரை எப்படி என்று கேட்டேன்.

"இந்த அஞ்சு நாளும் நல்ல நித்திரை" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "கோவிக்காதையும். நீர் இரவிலை கை வைச்சுப் பாக்கிறது எனக்குத் தெரியும். நீர் பயப்பிடக் கூடாது எண்டு நானும் முழிச்சிருந்து மூச்சை ஒழுங்கா விட்டுக்கொண்டு கிடப்பன்."

நாலு மாதம், ஒவ்வொரு இரவும், இருவரும் முழித்திருந்திருக்கிறோம். அவர் எனக்காக, நான் அவருக்காக. போனை வைத்துவிட்டுக் கிணற்றடியில் போய் இருந்தேன், பெரியம்மா கண்டும் காணாதது போல் விட்டுவிட்டார்.

வேறு எழுத இன்றைக்கு ஒன்றுமில்லை. மத்தியானம் இரண்டு மணித்தியாலம் படுத்தேன்.

ஏழாம் நாள், வியாழன்

கொழும்பு ரயில். பையில் பனங்கட்டிக் குட்டான் நாலு, புழுக்கொடியல், மச்சாளுக்கு ஒடியல் மா, அவருக்கு மாம்பழம். படலையடியில் பெரியம்மா தலையில் கை வைத்து ஜெபித்தார், அவருடைய ஜெபம் எப்போதும் இரண்டு வசனத்துக்கு மேல் போகாது. "இவள் உம்முடைய பிள்ளை, அவனும் உம்முடைய பிள்ளை. ஆமென்."

ஆனையிறவு கடந்தபோது அவரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. "ஸ்டேஷனுக்கு நான் வந்து கூட்டிப்போகட்டா? பஸ்ஸிலை வருவன். அக்கா வேண்டாம், தனியத்தான்."

வெள்ளவத்தையிலிருந்து கோட்டை. இரவு நேரம், காலி வீதி நெரிசல், ஸ்டேஷன் படிகள் வேறு. "வேண்டாம், நான் ஓட்டோவில் வருவேன்" என்று தட்டிவிட்டு, அனுப்பாமல் வைத்திருந்தேன். வெளியே உப்பளம் வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது. பளையிலிருந்து ஏறின ஒரு குழந்தை தாயின் மடியில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறது, ரயில் குலுங்கும்போதெல்லாம் அதன் தலை ஆடுகிறது, முழிக்கவில்லை.

எழுதினதை அழித்தேன்.

"சரி, வாங்கோ. ஆறுதலா நடந்து வாங்கோ."